அச்சாரம் எது, முன்பணம் எது: 25,000 ரூபாய் பறிமுதலை 1,000 ஆக்கிய வழக்கு

'குறித்த கெடுவுக்குள் மீதித் தொகையைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்ளத் தவறினால், கொடுத்த அட்வான்ஸ் முழுவதையும் இழந்துவிட வேண்டியது.' வீடு, மனை வாங்கப் போடும் கிரய ஒப்பந்தங்களில் இந்தச் சரத்து இல்லாத தாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டாயிற்று, கெடு போயிற்று, எனவே பணமும் போயிற்று என்றே இரு தரப்பும் நம்புகின்றன. இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய பறிமுதல் தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு நியாயம் என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். இதை நிலைநாட்டிய தீர்ப்பு ஃபத்தே சந்த் எதிர் பால்கிஷன் தாஸ். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1963 ஜனவரி 15 அன்று வழங்கியது. எழுதியவர் நீதிபதி ஜே.சி. ஷா.

நடந்தது என்ன

சொத்து டெல்லி கரோல் பாக்கில் 2,433 சதுர கஜ மனை, அதன் மேல் ஒரு பங்களா. நிலம் டெல்லி மேம்பாட்டு அறக்கட்டளையிடமிருந்து 90 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை உரிமையையும் கட்டடத்தையும் 1947 ஏப்ரலில் 63,000 ரூபாய்க்கு வாங்கியவர்தான் நம் வழக்கின் விற்பவர். இரண்டே ஆண்டில், 1949 மார்ச் 21 அன்று, அதை 1,12,500 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டார்.

பணம் இரண்டு தவணையாகக் கை மாறியது. கையெழுத்தான அன்று 1,000 ரூபாய். ஒப்பந்தமே இதை அச்சாரம், அதாவது ஒப்பந்தத்தை முடிப்பதற்கான உறுதிப்பணம், என்று குறிப்பிட்டது. பங்களாவைக் காலி செய்து ஒப்படைக்கும்போது கிரயத் தொகையில் ஒரு பகுதியாக 24,000 ரூபாய். இதற்கு மார்ச் 30 என்று நாள் குறித்திருந்தாலும், மார்ச் 25 அன்றே பணமும் சுவாதீனமும் கை மாறிவிட்டன. ஜூன் 1-க்குள் கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். எந்தக் காரணத்தாலாவது வாங்குபவர் தவறினால் 25,000 ரூபாயும் பறிமுதல், ஒப்பந்தம் ரத்து, பங்களாவையும் திருப்பித் தர வேண்டும். விற்பவர் பக்கம் தாமதமானால் வாங்கிய 25,000-உடன் இன்னொரு 25,000 சேர்த்துத் தர வேண்டும். 'அட்வான்ஸை இரட்டிப்பாகத் தருகிறேன்' என்று இன்றும் எழுதுகிறோமே, அதே ஏற்பாடு.

ஜூன் 1 கடந்தது. பத்திரம் பதிவாகவில்லை. நீதான் காரணம் என்று ஒருவரையொருவர் சொன்னார்கள். 1950 ஜனவரி 12 அன்று விற்பவர் வழக்குப் போட்டார்: 25,000 எனக்கே சொந்தம் என்று அறிவிக்க வேண்டும், பங்களாவை மீட்டுத் தர வேண்டும், பத்து மாதம் அதை அனுபவித்ததற்கு 6,500 ரூபாய் வேண்டும்.

ஒப்பந்தம் செல்லுபடியாகுமா

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு கேட்பவை கொஞ்சம்தான். சுதந்திரமான சம்மதம், ஒப்பந்தம் செய்யத் தகுதியுள்ள தரப்பினர், சட்டத்துக்குட்பட்ட மறுபயனும் (வாக்குக்கு ஈடாகத் தருவது) நோக்கமும், சட்டம் செல்லாது என்று ஒதுக்காத பொருள். இவை எதிலும் இந்த வழக்கில் சண்டை இல்லை.

ஆனால் சொத்தின் முந்தைய கைமாற்றத்தில் கவனிக்க ஒன்று உண்டு. 1947-இல் இவருக்கு விற்றது, ஒரு சிறுவனின் சார்பில் காப்பாளராக நின்ற தாய். 18 வயது நிரம்பாதவர் தானே போடும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது. 1903-இல் மோஹரி பீபி வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் இதை உறுதி செய்தது. காப்பாளர் விற்பது வேறு கதை. இன்று ஓர் இந்து சிறுவரின் அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளர் விற்க, 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். தாய்ப் பத்திரத்தில் 'மைனர்' என்ற சொல் தென்பட்டால், அச்சாரம் கொடுக்கும் முன் அந்த அனுமதி ஆணையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தவறியது யார்

பறிமுதல் பற்றிப் பேசும் முன் இதைத் தீர்க்க வேண்டும். தவறியவர் விற்பவராக இருந்தால் பறிமுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. விசாரணை நீதிமன்றம் வாங்குபவர் பக்கம் நின்றது. விற்பதாகச் சொன்ன நிலம் முழுவதையும் விற்பவர் ஒப்படைக்கவில்லை, ஆகவே பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. 25,000-இல் அனுபவத்துக்கான 1,400 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் பங்களாவைத் திரும்பப் பெறலாம் என்றது. பஞ்சாப் உயர் நீதிமன்றம் இதை மாற்றியது: தவறியவர் வாங்குபவரே. உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

எல்லைத் தகராறு வெறும் சாக்காகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். இந்த ஒப்பந்தத்தில் தெற்கு எல்லை 'இன்னாருடைய பங்களா' என்றுதான் இருந்தது. அளவு 2,433 சதுர கஜம் என்று துல்லியம், எல்லையோ பக்கத்து வீட்டுக்காரர் பெயர். நில அளவரை வைத்து அளந்து, நான்கு பக்க நீளமும் போட்ட வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பிரிவு 74 என்ன சொல்கிறது

ஒப்பந்தத்தை மீறினால் தர வேண்டிய தொகை ஒப்பந்தத்திலேயே குறிக்கப்பட்டிருந்தாலோ, தண்ட இயல்புள்ள வேறு நிபந்தனை இருந்தாலோ, பாதிக்கப்பட்டவர், நட்டம் நிரூபிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், குறித்த தொகைக்கு மேற்போகாத நியாயமான இழப்பீடு பெறலாம். சுருக்கமாக இதுதான் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 74.

இங்கிலாந்தில் அப்போது வழி வேறு. முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்ட இழப்பீடு என்றால் முழுத் தொகையும் கிடைத்தது. பயமுறுத்தி வைக்கும் தண்டம் என்றால் அந்தச் சரத்தே செல்லாமல் போனது. எது எந்தப் பெட்டிக்குள் போகும் என்பதில் அங்கே வழக்கு மேல் வழக்கு. இந்தியச் சட்டம் அந்த நுணுக்க விசாரணையை ஒதுக்கிவிட்டு, இரண்டுக்கும் நியாயமான இழப்பீடு என்ற ஒரே அளவுகோலை வைத்தது.

விற்பவர் தரப்பு ஒரு கூரிய வாதம் வைத்தது: பிரிவு 74 இனிமேல் தர வேண்டிய தொகையைப் பற்றியது, ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பணத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதற்கு அது பொருந்தாது. சொற்களை மட்டும் பார்த்தால் வாதத்தில் வலு உண்டு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 'தண்ட இயல்புள்ள வேறு நிபந்தனை' என்ற சொற்கள் கொடுத்த பணத்தைப் பறிமுதல் செய்யும் சரத்தையும் அணைக்கும் என்றது. இல்லாவிட்டால் பின்னால் தருகிறேன் என்றவருக்குப் பாதுகாப்பு, நம்பி முன்னாலேயே கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

'நட்டம் நிரூபிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும்' என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு நட்டமே இல்லாமலும் பணம் கேட்கலாமா? கூடாது. அந்தச் சொற்கள் நட்டத்தின் அளவை எண்ணிக் காட்டும் சுமையைத் தளர்த்துகின்றன. மீறலால் எந்தப் பாதிப்பும் இல்லாத இடத்தில் இழப்பீடு வழங்க இடம் தரவில்லை.

25,000 எப்படி 1,000 ஆனது

உயர் நீதிமன்றம் விலையில் 10 சதவீதம், அதாவது 11,250 ரூபாய் நியாயமான இழப்பீடு என்றது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 10 சதவீதம் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை, வெறும் ஊகம் என்பது காரணம். விற்பவர் சாட்சியத்தில் என்ன காட்டினார் என்று தேடிப் பார்த்தால் ஒன்றுமில்லை. சொத்தின் மதிப்பு இறங்கியதற்குச் சான்று இல்லை. வேறு தனி நட்டத்துக்கும் சான்று இல்லை. பங்களாவைப் பறிகொடுத்திருந்த நாட்களுக்கு அவர் தனியாக ஈடு கேட்டிருந்தார், அதற்குத் தீர்ப்பும் கிடைத்திருந்தது. அதையே இங்கே இன்னொரு முறை கணக்கில் சேர்க்க முடியாது.

1,000 ரூபாய் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று வாங்குபவரே ஒப்புக்கொண்டிருந்தார். 24,000 ரூபாயை இத்தனை ஆண்டுகள் கையில் வைத்து விற்பவர் பலன் அடைந்திருப்பார். அச்சாரமும் அந்தப் பலனும் போதுமான இழப்பீடு என்று நீதிமன்றம் முடித்தது. தீர்ப்பில் சற்றே தளர்வான இடம் இந்தக் கடைசி வரிதான். பலன் எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை; சான்றில்லாத 10 சதவீதத்தை ஊகம் என்று தள்ளிய அதே பத்தி இன்னொரு ஊகத்தில் போய் நிற்கிறது.

விற்பவர் என்ன செய்திருக்கலாம்? மீறலால் வரும் நட்டத்துக்கு ஈடு தரும் பிரிவு 73-இன் வழக்கமான கணக்கு, பேசிய விலைக்கும் மீறல் நடந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். ஒரு பேச்சுக்கு, ஜூன் 1 அன்று அந்தச் சொத்து 1,00,000-க்குத்தான் போகும் என்று நிரூபித்திருந்தால் நட்டம் 12,500. 25,000 என்ற வரம்புக்குள் அது வருகிறது, கிடைத்திருக்கும். சந்தை 70,000-க்கு விழுந்திருந்தால் நட்டம் 42,500. ஆனாலும் கிடைப்பது 25,000-தான். சிறிய தொகையைப் போட்டுவிட்டுப் பிறகு பெரிய நட்டத்தைக் கேட்க முடியாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. விலை ஏறியிருந்தால் விற்பவருக்கு நட்டமே இல்லை, கூடுதல் விலைக்கு வேறு ஒருவருக்கு விற்றுக்கொள்ளலாம்.

பிறகு வந்த தீர்ப்புகள்

இந்த வழக்கைப் படித்துவிட்டு 'அட்வான்ஸ் எப்போதும் திரும்பக் கிடைக்கும்' என்று முடிவு கட்டுவது ஆபத்து. அச்சாரத்தின் நிலை வேறு. அது ஒப்பந்தத்தை முடிப்பேன் என்பதற்கான உறுதிப்பணம். கிரயம் நடந்தால் விலையில் கழியும், வாங்குபவர் தவறினால் போகும். 1969-இல் ஹனுமான் காட்டன் மில்ஸ் வழக்கில் 10 லட்ச ரூபாய் விமானக் கழிவுச் சரக்குக்குக் கொடுத்த 2.5 லட்சம், விலையில் கால்வாசி, அச்சாரம் என்ற அடிப்படையில் முழுவதும் பறிமுதலானது. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை.

அதே ஆண்டு மௌலா பக்ஸ் வழக்கு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் தர ஒப்புக்கொண்டவர் 10,000 மற்றும் 8,500 ரூபாய் காப்புத்தொகை கட்டியிருந்தார். சரக்கு ஒழுங்காக வராததால் அரசு இரண்டையும் பறிமுதல் செய்தது. கிடைக்காத உருளைக்கிழங்கை வேறிடத்தில் என்ன விலைக்கு வாங்கினாய் என்று காட்ட அரசுக்கு ஒரு ரசீது போதும். அதைக் காட்டவில்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நியாயமான அளவுள்ள அச்சாரத்தைப் பறிப்பது பிரிவு 74-க்குள் வராது, தண்டமாக மாறும் அளவுக்குப் போனால் வரும் என்ற கோடும் இங்கேதான் போடப்பட்டது. காப்புத்தொகை அச்சாரம் ஆகாது.

2012-இல் சதீஷ் பத்ரா வழக்கு. 70 லட்ச ரூபாய்ச் சொத்து, 7 லட்சம் அச்சாரம், தவறினால் பறிமுதல் என்று தெளிவான சரத்து. ஃபத்தே சந்தைப் பின்பற்றி உயர் நீதிமன்றம் 50,000 மட்டுமே அனுமதித்தது; உச்ச நீதிமன்றம் 7 லட்சத்தையும் விற்பவருக்கே விட்டது. 2025-இல் கே.ஆர். சுரேஷ் வழக்கில், 55.5 லட்சக் கிரயத்துக்குக் கொடுத்த 20 லட்சம் ஒப்பந்தத்தில் 'முன்பணம்' என்று இருந்தும், அதன் இயல்பைப் பார்த்து அச்சாரமாகவே கொண்டார்கள்.

எதிர்ப்பக்கம் 2015-இன் கைலாஷ் நாத் வழக்கு நிற்கிறது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் பிகாஜி காமா பிளேஸ் மனையை ஏலம் விட்டது, ஏலத்தில் கேட்ட விலை 3.12 கோடி, 25 சதவீதமாகக் கட்டியது 78 லட்சம். கெடுவை ஆணையமே திரும்பத் திரும்ப நீட்டித்துவிட்டு 1993-இல் ஒதுக்கீட்டை ரத்து செய்து பணத்தைப் பறித்தது. மறு ஆண்டே அதே மனை 11.78 கோடிக்கு ஏலம் போனது. மீறலும் இல்லை, நட்டமும் இல்லை, லாபம்தான். 78 லட்சத்தையும் 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். இழப்போ பாதிப்போ இல்லாமல் பிரிவு 74 இயங்காது. அளவிட முடியாத நட்டம் என்றால் மட்டுமே நிரூபணம் தளரும் என்று நீதிபதி நாரிமன் எழுதியது இப்போதைய வழிகாட்டி.

பணம் வேண்டாம், சொத்துதான் வேண்டும் என்றால்

வாங்குபவருக்கு இழப்பீட்டைவிட வலுவான பரிகாரம், ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கு. நீதிமன்றத் தமிழில் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு. குறித்த பரிகாரச் சட்டத்தில் 2018 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தத்துக்குப் பிறகு இது நீதிபதியின் விருப்புரிமையாக இல்லை. சட்டம் சொல்லும் விலக்குகள் தவிர மற்றபடி வழங்கியே ஆக வேண்டும். ஆனால் தொடக்கம் முதல் தான் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை வாங்குபவர் நிரூபிக்க வேண்டும். இது வாய்ப்பேச்சில் நிற்காது. கெடு நாளில் கணக்கில் இருந்த இருப்பு, வங்கிக் கடன் அனுமதிக் கடிதம், கெடுவுக்கு முன்பே அனுப்பிய நோட்டீஸ், வாங்கிய முத்திரைத்தாள் ஆகியவைதான் பேசும். கரோல் பாக் வாங்குபவர் போலச் சுவாதீனத்தில் இருப்பவரும் இதே தகுதியைக் காட்டினால்தான் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவின் பாதுகாப்பைக் கேட்கலாம். 2001-க்குப் பிறகு அதற்குப் பதிவான ஒப்பந்தமும் வேண்டும்.

காலம் பற்றி ஒரு தவறான தைரியம் உண்டு. மூன்று ஆண்டு காலவரம்பு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். கெடு குறித்திருந்தால் மூன்றாண்டு அந்த நாளிலிருந்து ஓடும். குறிக்காவிட்டால் மறுப்பு தெரிந்த நாளிலிருந்து. ஆனால் 1997-இல் வித்யானந்தம் எதிர் வைரவன் என்ற மதுரை வழக்கைப் பாருங்கள். 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், 5,000 கொடுத்தாயிற்று, ஆறு மாதக் கெடு. ஒப்பந்தம் போட்டதிலிருந்து சுமார் இரண்டரை ஆண்டு வாங்குபவரிடம் எந்த அசைவும் இல்லை. விலை மூன்று மடங்கானது. வரம்புக்குள்தான் வழக்குப் போட்டார், இருந்தும் கிரயம் கிடைக்கவில்லை. 2018 திருத்தத்துக்கு முந்தைய தீர்ப்பு என்றாலும், தயாராக இருந்ததற்கான சோதனையில் இந்த மௌனம் இன்றும் எதிராகவே நிற்கும்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதியாத தாளை வைத்துக் கிரயம் கேட்டு வழக்குப் போடலாம், அதை ஆதாரமாக ஏற்கலாம் என்று 2023-இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகப் பதியாமல் விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஒப்பந்தம் தெரியும். விற்பவர் அதே மனையை இன்னொருவருக்குக் காட்டுவது கடினமாகும்.

ஒப்பந்தத்திலும் பிராதிலும் (வழக்கு மனுவிலும்) எழுத வேண்டியவை

விற்பவர் அச்சாரத்தைத் தனி வரியில், தனித் தொகையாக, 'அச்சாரம்' என்றே எழுத வேண்டும். சட்டம் எங்கும் சதவீதம் குறிக்கவில்லை, ஆனால் விலையில் பத்து சதவீதமாக வைத்தால் பெரும்பாலும் கேள்வி வராது. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு தவணையையும் கிரயத் தொகையில் பகுதி என்று பிரித்துக் காட்டி, அதற்குப் பறிமுதல் எழுதுவதைவிட நட்டத்தைக் கணக்கிடும் முறையை எழுதுவது பலன் தரும்: இத்தனை நாளுக்குள் மறுவிற்பனை செய்து குறையும் தொகை, தரகு, ஒப்படைத்த வீட்டுக்கு மாதம் இவ்வளவு. கரோல் பாக் பங்களாவுக்கு மாதம் எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இல்லாததால் விற்பவர் 650 கணக்கில் கேட்டார், விசாரணை நீதிமன்றம் 140 என்றது, உயர் நீதிமன்றம் 265 என்றது.

கெடு தவறியதும் ரத்து நோட்டீஸோடு நின்றுவிடாமல், அந்தத் தேதியின் சந்தை விலைக்குச் சான்று சேர்க்க வேண்டும். பக்கத்து மனைகளின் பதிவான கிரயங்கள், மறுவிற்பனை ஒப்பந்தம், மதிப்பீட்டாளர் அறிக்கை பயன்படும். அரசு வழிகாட்டி மதிப்பு மட்டும் சந்தை விலைக்கு ஈடாகாது. இந்தப் பணத்தை நம்பி வேறு வீட்டுக்கு அச்சாரம் கொடுத்து அதை இழந்தேன் என்பது தனி நட்டம். ஒப்பந்தம் போடும்போதே எதிர்த்தரப்புக்கு அது தெரிந்திருந்தால்தான் கேட்கலாம். எனவே அதையும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். 'இரட்டிப்பாகத் தருவேன்' என்ற சரத்தை நம்பி இருக்கும் வாங்குபவரும் கவனிக்க வேண்டும்: அந்த இரண்டாவது பங்குக்கும் பிரிவு 74-தான் அளவுகோல், எழுதியதாலேயே அது கைக்கு வந்துவிடாது.

வாங்குபவரின் பிராதில் அடிக்கடி விடுபடுவது ஒரே ஒரு கோரிக்கை. கிரயம் கிடைக்காவிட்டால் கொடுத்த பணத்தையாவது திருப்பித் தர ஆணையிட வேண்டும் என்று மாற்றுப் பரிகாரமாகக் கேட்க வேண்டும். குறித்த பரிகாரச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, கேட்காத பணத்தை நீதிமன்றம் தர முடியாது என்கிறது. வழக்கின் எந்தக் கட்டத்திலும் பிராதைத் திருத்தி இதைச் சேர்க்கலாம், அனுமதிப்பதும் நீதிமன்றத்தின் கடமை. ஆனால் திருத்த மனுவைப் போட வேண்டியவர் வாதிதான். 20 லட்சத்தை இழந்த கே.ஆர். சுரேஷ் வழக்கில் அந்தக் கோரிக்கை பிராதில் இல்லை.